தானாக நின்ற சத்தம்

பிப்ரவரி 3, திங்கள்

ஜீப்பின் சத்தங்களை இன்று வகைப்படுத்தினேன். கிளம்பும்போது காலடியில் ஒரு முட்டல். நிறுத்தும்போது அதே முட்டல், எதிர்த் திசையில். பள்ளத்தில் இறங்கினால் பரணிலிருந்து பாத்திரங்கள் சரிவது போல ஒன்று. மற்றவை சாலையைச் சேர்ந்தவை. ஜீப்பின் பெயரில் எழுதுவது நியாயமில்லை.

காரணம் தெரிந்ததுதான். ஜீப் என்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. கீழே சேஸிஸ் என்னும் இரும்புச் சட்டம். மேலே நாம் உட்காரும் பாடி. இரண்டுக்கும் நடுவே பத்து இடங்களில் கைமுஷ்டி அளவில் ரப்பர் வைத்து போல்ட் போட்டிருக்கும். ரப்பர் தேய்ந்துவிட்டால் இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ள ஆரம்பிக்கும். அதன் விளைவு குடும்பம் நடத்திய எவருக்கும் தெரியும்.

முப்பத்தொரு வருடம் வாகனக் காப்பீட்டு சர்வேயராக இருந்தேன். கவிழ்ந்ததையும் எரிந்ததையும் பார்த்து, சேதம் எவ்வளவு, காரணம் என்ன என்று அறிக்கை எழுதும் வேலை. ‘இயல்பான தேய்மானம், இழப்பீடு இல்லை’ என்று நான் எழுதிய வரிகளை ஒட்டினால் போடியிலிருந்து போடிமெட்டு வரை போகும். சொந்த வண்டிக்கு அதை எழுதும் நாள் இன்று வந்தது.

மறுபதிவு ஜூலையில். இப்போதே ரப்பர் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். வேறு காரணம் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

மாலையில் செண்பகம் சுகந்தியோடு தொலைபேசியில் பேசினாள். சுகந்தி எங்கள் ஒரே மகள். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் கணவன் அருள்தாசோடு இருக்கிறாள். மாசமாக இருக்கிறாள், ஏழு மாதம். தாயும் மகளும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சுகந்திக்கு இரும்புச் சத்து குறைவு. பேரீச்சம்பழம் பிடிக்கவில்லை, அத்திப்பழம் சாப்பிடுகிறாள். இடது பக்கமாகப் படுத்தால்தான் தூக்கம் வருகிறது. செய்தித்தாளில் விசேஷம் எதுவும் இல்லை.

சுகந்தியும் நானும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. சண்டை என்று தெருவில் சொல்வது தவறு. நடைமுறைச் சிக்கல். அருள்தாசைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவள் சொன்னபோது நான் மறுக்கவே இல்லை. சாதியும் மதமும் எனக்குப் பொருட்டல்ல என்று எழுத்து மூலமாகவே தெரிவித்தேன். ஏழு ஆவணங்களும் முப்பது நாள் அவகாசமும் மட்டும் கேட்டேன். ஆறு வந்தன. ஏழாவது, பையனின் இரத்த வகைச் சான்று, வரவில்லை. முப்பத்திரண்டாம் நாள் அவர்கள் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். கோப்பு முடியாத நிலையில் நான் எப்படிப் போக முடியும்? போகவில்லை. பிறகு பேசவும் இல்லை.

பதறாமல் விட்டால் பல விஷயங்கள் தானாகச் சரியாகும். இந்த ஜீப்பே சாட்சி. 2010 மே மாதம், போடிமெட்டுச் சாலையில் பதினோராவது கொண்டை ஊசி வளைவில், தரையில் சம்மட்டி அடிப்பது போலச் சத்தம். சுகந்தியும் உடன் இருந்தாள், பள்ளிக்கூட விடுமுறை. அவளை வண்டியில் இருக்கச் சொல்லிவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிட சிக்னல் தேடி மேலே நடந்தேன். நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து வண்டியை எடுத்தால், சத்தம் இல்லை. யாரும் தொடவில்லை. இதைப் பயிற்சி வகுப்புகளில் புதிய சர்வேயர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

பேசி முடித்து செண்பகம் கூடத்துக்கு வந்தாள்.

“இருபத்துமூணாந் தேதி வளைகாப்பு. கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போயி அவளக் கூட்டிட்டு வரணும்.”

“கூட்டிட்டு வா.”

“வாடகைக் கார்ல ஏற மாட்டாளாம். அப்பா ஜீப்ல வந்து கூப்பிட்டா வாரேன், இல்லேன்னா பிரசவம் இங்கனயேன்னுட்டா.”

“பிடிவாதம்.”

“எந்த வீட்டுப் பிள்ள? அவ மாமியா வேற, அந்தத் தகர டப்பாவுல என் மருமகள ஏத்த விடமாட்டேங்குறாக. ஏழு வகைச் சோத்தையும் அதுல வச்சுக் கொண்டாந்தா, மலையேறி வந்து சேரும்போது ஒரு வகைதான் இருக்கும்ங்குறாக.”

ஒரு தரப்பு ஜீப் இல்லாமல் முடியாது என்கிறது. மறு தரப்பு ஜீப் என்றால் முடியாது என்கிறது. இடையில் இருப்பவை பத்து ரப்பர்கள்.



பிப்ரவரி 6, வியாழன்

காலை ஏழு மணிக்கு மெக்கானிக் மொக்கராசுவின் பட்டறைக்குப் போனேன். ஒன்பதுக்குத்தான் திறப்பார்களாம்.

பிப்ரவரி 8, சனி

மொக்கராசு வீட்டுக்கு வந்து ஜீப்புக்கு அடியில் படுத்தார். ஐம்பது வயதிருக்கும். படுத்தபடியே டீ குடிக்கத் தெரிந்தவர். ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்தினார். உதிர்ந்தது.

“சர்வேயர் சார், இதெல்லாம் ரப்பரே இல்ல. கரி.”

“இயல்பான தேய்மானம்” என்றேன்.

“அது ஒங்க வாயில இருந்து வராம இருக்குமா? எம் மச்சான் லாரிக்கும் இதத்தான எழுதுனீக.”

“உங்க மச்சான் லாரி தேயல. புளியமரத்துல மோதுச்சு.”

“தேஞ்ச பிரேக்குதான சார் மோத வச்சுது?”

பன்னிரண்டு வருடப் பழைய வழக்கு. மேல்முறையீட்டுக்கு நேரம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

போல்ட்டுகள் துருவேறி இறுகியிருக்கின்றன. நாலு நாள் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும், அவசரப்பட்டால் தலை முறிந்துவிடும் என்றார். ரப்பர் மதுரையிலிருந்து வர வேண்டும். எப்போதைக்கு வேலை முடிய வேண்டும் என்று கேட்டார். மறுபதிவு ஜூலையில் என்றேன். அப்படியானால் வைகாசியில் சாவகாசமாகப் பார்க்கலாமே என்றார். இருபத்திரண்டாம் தேதிக்குள் முடிய வேண்டும் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. செண்பகம் டீ கொடுக்கும்போது ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மொக்கராசு பழனிக்குப் போயிருக்கிறார். காலையும் மாலையும் போல்ட்டுகளுக்கு நானே எண்ணெய் விடுகிறேன். என்னைக்கூட இப்படிக் கவனித்ததில்லை என்றாள் செண்பகம். அவள் சொன்னது புகாரா, கேலியா என்று புரியவில்லை. இரண்டும் பொருந்துகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

வலது பக்கம் முடிந்தது. ஐந்து போல்ட்டில் இரண்டு முறிந்தன.

முறை இதுதான். ஒரு பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும்; மறு பக்கத்தைத் தளர்த்தி மட்டும் வைக்க வேண்டும். பலகை கொடுத்து ஜாக்கியால் பாடியை இரண்டு அங்குலம் தூக்க வேண்டும். அதற்கு முன்னால் பேட்டரி இணைப்பு, ஸ்டியரிங் தண்டு, ரேடியேட்டர் குழாய், டீசல் ஊற்றும் குழாய் எல்லாவற்றையும் விடுவிக்க வேண்டும். எதையாவது மறந்தால், அது கிழிந்து நினைவூட்டும். டீசல் குழாய் நினைவூட்டியது.

இருபத்தைந்து வருடமாக ஒட்டியிருந்த பாடியும் சேஸிஸும் பிரிந்ததும் நடுவே பகல் வெளிச்சம் தெரிந்தது. உள்ளேயிருந்து இரண்டு ஏலக்காய், ஒரு நாலணா, என் பேனா மூடி விழுந்தன.

பிப்ரவரி 14, வெள்ளி

இடது பக்கம். முதல் ரப்பர் கரி. இரண்டாவது இடம், முன் இருக்கைக்கு நேர் கீழே. சுகந்தி எப்போதும் உட்காரும் இருக்கை.

“சார், இது எந்தக் கம்பெனி ரப்பரு?” என்று கீழேயிருந்து மொக்கராசு கேட்டார். கை மட்டும் வெளியே வந்தது. கையில் அடை போலத் தட்டையான ஏதோ ஒன்று. துடைத்துப் பார்த்தேன். மூன்று அடுக்கு. மேலே வெள்ளை, கீழே நீலம். ஒரு ஓரத்தில் வார் மாட்டும் ஓட்டை.

“ரப்பர் செருப்பு சார். பொம்பளப் பிள்ள செருப்பு, அளவப் பாருங்க. கத்தியால அறுத்து, மூணா அடுக்கித் திணிச்சிருக்காக. நடுவுல போல்ட்டுக்கு ஓட்ட வேற, எவ்வளவு வட்டமா!” என்று வெளியே வந்து உட்கார்ந்தார். “கெட்டிக்கார வேல சார். கம்பெனி ரப்பரு ஒம்போதும் கரியாப் போச்சு, இது ஒண்ணு இன்னும் தாங்குது. யாரு செஞ்சது?”

தெரியாது என்றேன்.

தெரியாது என்றுதான் அப்போது நினைத்தேன். துண்டைக் கையில் வைத்தபடி வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். மொக்கராசு மற்ற மூன்றையும் கழற்றினார். அவர் என்னிடம் எதையோ இரண்டு முறை கேட்டிருக்கிறார். பதில் வராததால் அவராகவே முடிவு செய்துகொண்டார்.

பிப்ரவரி 15, சனி

எழுத ஒன்றுமில்லை. பழைய நாட்குறிப்புகளைத் தேடினேன். 2009 இருக்கிறது. 2011 இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

2010 பூஜை அலமாரிக்கு மேல் இருந்தது. மே 9: ‘11-ஆம் வளைவில் தரையில் பலத்த சத்தம். 40 நிமிடம் ஓய்வு கொடுத்ததில் தானாக நின்றது. காரணம்: இரும்பு சூடேறி விரிந்து, பின் ஆறிச் சுருங்கியிருக்கலாம்.’ அதற்குக் கீழே அதே தேதியில்: ‘சு. ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டாள். பொறுப்பின்மை. எழுத்து மூலம் விளக்கம் கேட்டேன்.’

அடுத்தடுத்த வரிகள். பதினைந்து வருடமாக ஒரே பக்கத்தில் இருந்திருக்கின்றன. காரணம் கண்டுபிடிப்பது என் தொழில் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

விளக்கமும் கோப்பில் இருந்தது. கோடு போட்ட தாளில், பதினான்கு வயதுக் கையெழுத்தில்: ‘ஐயா, என் இடது கால் செருப்பு காணாமல் போய்விட்டது. இனிமேல் இப்படி நடக்காது. இப்படிக்கு, சுகந்தி.’ கீழே நான் சிவப்பு மையில் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறேன்.

செருப்புத் துண்டை செண்பகத்திடம் காட்டினேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி நறுக்கினாள்.

“கெடச்சிருச்சா?”

“உனக்குத் தெரியுமா?”

“அன்னைக்கே தெரியும். நீங்க மேல போனதும் ஒரு லாரிக்காரர் நிறுத்திப் பாத்திருக்காரு. ரப்பரு கழண்டு விழுந்துருச்சு பாப்பா, ஏதாச்சும் திணிச்சா ஊரு போய்ச் சேரலாம்னாராம். இவ கால்ல கிடந்ததக் கழட்டிக் குடுத்திருக்கா. அவரு கம்பியப் போட்டு நெம்பிப் பிடிக்க, இவளே அடியில படுத்துத் திணிச்சிருக்கா. பாவாடையெல்லாம் கிரீசு. மூணு தடவ தொவச்சேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் இருந்தா. நீங்க வண்டிய எடுத்ததும், ‘பாத்தியாம்மா, பதறாம விட்டா எல்லாம் தானா சரியாகும்’னு சிரிச்சீங்களாம். எங்கப்பா சிரிச்சு நான் பாத்ததே இல்லம்மா, கெடுக்க மனசு வரலன்னா.” ஒரு காயின் நாரை உரித்தாள். “அப்புறம் விளக்கம் கேட்டீங்க. சரி, இனிமே என்னத்தச் சொல்லன்னு விட்டுட்டா.”

“நீயாவது சொல்லியிருக்கலாம்.”

“எத்தன பேருக்கு நீங்க அந்தக் கதையச் சொன்னீங்க! நான் டீ குடுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டுதான இருந்தேன். நல்லாத்தான் சொல்லுவீங்க.”

முப்பத்தொரு வருடத்தில் நான் எந்த அறிக்கையையும் திருத்தியதில்லை. மே 9 பதிவில் ‘தானாக நின்றது’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘சுகந்தி நிறுத்தினாள்’ என்று எழுதினேன். பக்கத்தில் இன்றைய தேதியிட்டுக் கையொப்பம் போட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பத்துப் புது ரப்பரும் போட்டாகிவிட்டது. எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் முடுக்கி, பாடி உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக இறுக்கினார் மொக்கராசு.

இப்போது கதவுகள் சாத்திக்கொள்ளவில்லை. நாலில் ஒன்றுகூட.

“சாத்தாது சார். ரப்பரு தேயத் தேய பாடி ஒரு பக்கமா எறங்குச்சுல்ல? அதுக்கு ஏத்த மாதிரி நாமளும் வருசா வருசம் கதவக் கொஞ்சம் கொஞ்சமாக் கோணலாக்கி வச்சோம். இப்ப பாடி நேரா நிக்குது. கதவு கோணலா நிக்குது.”

“அப்ப இத்தனை நாள் நாம செஞ்ச ரிப்பேர் எல்லாம்?”

“கோணலுக்குக் கோணல் சார்.”

கதவுகளைத் திரும்ப நேராக்க ஒரு நாள் ஆகும்.

பிப்ரவரி 20, வியாழன்

சோதனை ஓட்டம். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய சொம்போடு செண்பகத்தை முன் இருக்கையில் உட்கார வைத்து, மூன்றாவது வளைவு வரை போய்த் திரும்பினேன். இறங்கியதும் அவள் வழக்கம்போல் கதவைத் தூக்கி இடுப்பால் ஓர் இடி இடித்தாள். கதவு முதல் தொடுதலிலேயே சாத்திக்கொண்டதால் இடி வீணாயிற்று. இடுப்புக்குத் தைலம் தேய்த்திருக்கிறாள்.

தரையில் சத்தம் இல்லை. முட்டல் இல்லை. என் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்று இதுவரை தெரியாது. சிந்திய தண்ணீர் இரண்டு மடக்கு. அதுவும் குறுக்கே ஆடு வந்ததால்.

வழியெல்லாம் செண்பகம் பேசினாள். முன்பும் இப்படித்தான் பேசிக்கொண்டு வருவாளாம்.

பிப்ரவரி 22, சனி

கடைத்தெருவில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினேன். நீல வார். மலைப்பாதை வண்டியில் அவசர உதிரிபாகம் இருப்பது நல்லது. என்ன அளவு என்று கடைக்காரர் கேட்டார். ஆறு என்றேன். யாருக்கு என்றார். சொன்னேன். மாசமாக இருந்தால் கால் வீங்கும் என்று ஏழு கொடுத்தார்.

அருள்தாஸ் கோப்பை எடுத்தேன். இரத்த வகைக்கு எதிரே ‘இரத்தம் உள்ளது, போதுமானது’ என்று எழுதி முடித்துவைத்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், எள்ளு, கருவேப்பிலை, தயிர், சர்க்கரைப் பொங்கல். ஏழு தூக்குவாளி. நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்ததை செண்பகம் பார்த்தாள். மலையில் குளிரும் என்றேன்.

பதினேழு வளைவுகள். ஏழு சோறும் ஏழாகவே போய்ச் சேர்ந்தன.

சம்பந்தியம்மாள் அற்புதம் வாசலிலேயே நின்றிருந்தார். தூக்குவாளிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். குறை சொல்ல இடம் கிடைக்காதவரின் முகம் எனக்குப் பழக்கமானது. நானும் பலமுறை அப்படி இருந்திருக்கிறேன்.

“சோறு சரியாத்தான் வந்திருக்கு. சோத்துக்கு இடுப்பு வலிக்காது. நான் ஏறிப் பாக்கணும்ணே.”

ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார். மடியில் பையை வைத்துக்கொண்டார். எஸ்டேட்டுக்குள் ஒரு சுற்று போனோம். ஓடைக்கல் பாதை, ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையின் மேடு, பள்ளிக்கூடப் பள்ளம் என்று மோசமான இடமாகத் தேர்ந்தெடுத்துக் கை காட்டினார். ஆயிரக்கணக்கான வண்டிகளைச் சோதித்தவன் நான். சோதிக்கப்படும்போது உள்ளங்கை வேர்க்கும் என்பதை இன்று அறிந்தேன்.

இறங்கியதும் சொன்னார்: “ம். அழுத்திப் போகாதீக. போயிட்டு வாங்க.”

வளையல் அடுக்கும்போது நான் வெளியே நின்றேன். அருள்தாஸ் ஒரு டம்ளர் சுக்குக் காப்பியோடு வந்தான். “மாமா, அந்த இரத்த வகைச் சான்று... அன்னைக்கே எடுத்துட்டேன். அனுப்பத்தான் தைரியம் வரல” என்று சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். இரண்டு வருடமாக மடித்தே இருந்ததால் நாலாகக் கிழியும் நிலையில் இருந்தது. ஓ பாசிட்டிவ். நல்ல வகை என்றேன். காப்பியும் நன்றாகவே இருந்தது.

சுகந்தி வந்தாள். கனத்திருக்கிறாள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். என்னைப் பார்த்தாள், நான் டயரைப் பார்த்தேன். காற்று சரியாக இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் கதவைத் தூக்கி இழுத்து அறையப் போனாள்.

“தூக்காதம்மா. சும்மா சாத்து, போதும்” என்றேன்.

சாத்தினாள். சாத்திக்கொண்டது. இரண்டு வருடம் கழித்துப் பேசும் முதல் பேச்சாக வேறு ஏதாவது யோசித்து வைத்திருந்தேன். அது என்ன என்று இப்போது நினைவில்லை.

செண்பகம் பின்னால் காலித் தூக்குவாளிகளோடு உட்கார்ந்தாள். அருள்தாஸ் துணிப்பையோடு பைக்கில் பின்தொடர்ந்தான். ஐந்தாறு வளைவு வரை யாரும் பேசவில்லை. முன்பெல்லாம் பேசாமல் போனால் அது ஜீப்பின் சத்தத்தில் தெரியாது.

பதினோராவது வளைவில் நிறுத்தினேன். பிரேக் சூடு ஆற வேண்டும்.

“அப்பா.”

“ம்.”

“சத்தமே இல்லையே. என்ன பண்ணுனீங்க?”

“பாடிக்கு அடியில ரப்பர் தேஞ்சிருந்துச்சு. பத்தும் மாத்துனேன்.”

“பத்தா?” அவள் வளையல்களைத் தள்ளி விட்டுக்கொண்டாள். “ஒம்போதுதானப்பா இருந்துச்சு.”

“பத்துதாம்மா. பத்தாவதையும் பாத்தேன்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். திரும்பியபோது சிரிப்பு, கண்ணீர் இரண்டும் இருந்தன. பின்னாலிருந்து செண்பகம் ஆரஞ்சு உரித்து இரண்டு பேருக்கும் நீட்டினாள். சுளையைத் தின்றுவிட்டு, கொட்டையைப் போட சுகந்தி முன்பெட்டியைத் திறந்தாள். அதில் புதுச் செருப்பு இருந்தது. அதன் மேல் பழைய துண்டு இருந்தது. சிறிது நேரம் பார்த்துவிட்டு மூடினாள். கொட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினாள். ஏழு சரியான அளவு.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் ஜீப்பைக் கழுவினேன். முன்பெட்டியில் இருந்த செருப்புத் துண்டைக் காணவில்லை.

விளக்கம் கேட்கப் போவதில்லை.